‘இயன்றவரை’ என்னும் வாக்குறுதி: ஆய்வு வலையமைப்புகளின் சேவைத்தர ஒப்பந்தங்கள் கடந்து வந்த வழி

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் எல்எச்சி துகள் மோதுகருவியை இயக்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதன் தரவைப் பகிர்ந்து சேமிக்கவும் அலசவும் முன்வந்த நாடுகளுடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பின்னிணைப்பில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. மோதுகருவி ஓடும் காலத்தில் செர்னுடனான வலையமைப்புச் சேவை அறுந்துபோனால், ‘முதல் அடுக்கு’ மையம் 12 மணி நேரத்திற்குள் செயலில் இறங்க வேண்டும். சேவை பாதிக்கு மேல் நலிந்தால் 24 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நலிந்தால் 48 மணி நேரம். ஆண்டுச் சராசரியில் 98 விழுக்காடு நேரம் சேவை கிடைக்க வேண்டும். இந்த மணிக்கணக்கு பழுது நீங்குவதற்கான கெடு அன்று, பழுதுபார்க்கும் வேலை தொடங்குவதற்கான கெடு மட்டுமே என்று அட்டவணையை ஒட்டிய குறிப்பு விளக்குகிறது. ஒப்பந்தம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று அதே ஆவணம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

98 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏழு நாளுக்கு மேல் இணைப்பு இல்லாமற் போனாலும் வாக்கு பிறழவில்லை என்று பொருள். தொலைபேசி நிறுவனத்திடம் தனியிணைப்பு வாங்கும் வங்கி எதுவும் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாது. ஆயினும் பல பெட்டாபைட் தரவு கண்டங்களைக் கடந்து சென்றது இத்தகைய தாளின் பேரில்தான். இதற்குச் சரியாக ஒரு தலைமுறைக் கருவிகள் முன்பு, 1990களின் பிற்பகுதியில், இதே ஆய்வு வலையமைப்புகள் மில்லிநொடிக் கணக்கில் உறுதி தருவோம் என்று பேசிக்கொண்டிருந்தன. மில்லிநொடியிலிருந்து மணிக்கணக்கிற்கு அவை இறங்கிவந்த கதையை வெறும் பின்வாங்கலாகப் படிப்பது எளிது. ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது.

தொடக்கத்தில் வாக்குறுதியே கிடையாது. இணைய நெறிமுறை தரவைப் பொதிகளாக நறுக்கி அனுப்புகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் பொதியை அடுத்த திசைவியிடம் தள்ளிவிட முயல்கிறது. வரிசை நிரம்பிவிட்டால் பொதியைக் கீழே போட்டுவிடுகிறது. போட்டதை யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை அதற்கில்லை. இந்த ஏற்பாட்டிற்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ‘பெஸ்ட் எஃபர்ட்’. ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில் இதே சொற்கள் கனமானவை: ஒருவர் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் நீதிமன்றம் கேட்கும். வலையமைப்பில் அதே தொடர் ‘எந்த உறுதியும் இல்லை’ என்று பொருள்படுகிறது. தமிழ்க் காதுக்கு இந்த இரண்டாம் பொருள் புதிதன்று. அலுவலக மேசைக்கு அப்பாலிருந்து ‘முடிஞ்சவரைக்கும் பார்க்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் மாற்று வழி தேடத் தொடங்கிவிடுவார்.

மின்னஞ்சலுக்கு இந்த இயன்றவரை போதுமானதாக இருந்தது. குரலும் காட்சியும் வந்தபோது போதவில்லை. 1994இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆர்எஃப்சி 1633 ‘ஒருங்கிணைந்த சேவைகள்’ என்னும் திட்டத்தை முன்வைத்தது. ஒவ்வொரு உரையாடலுக்கும் வழிநெடுகிலும் உள்ள திசைவிகளில் இடம் பதிவு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். பதிவு செய்வதற்கான நெறிமுறை 1997இல் ஆர்எஃப்சி 2205 ஆக வெளிவந்தது. கன்னியாகுமரியிலிருந்து தில்லி செல்லும் ஒவ்வொரு பயணிக்கும் இடையிலுள்ள எல்லா நிலைய அதிபர்களும் தனித்தனியே பேரேடு வைத்திருப்பதற்கு இது ஒப்பானது. முதுகெலும்பு வலையமைப்பின் திசைவிகள் அத்தனை பேரேட்டைச் சுமக்க இயலாது என்பது விரைவில் புலப்பட்டது. 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2475 மாற்று ஒன்றைத் தந்தது. பயணிக்குப் பேரேடு வேண்டாம். சீட்டின் நிறம் போதும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் ஆறு பிட்டுகளில் ஒரு வகுப்புக் குறி பொறிக்கப்படும். திசைவி குறியைப் பார்த்து முந்திவிடும் அல்லது காக்கவைக்கும். எல்லையில் மட்டும் காவல் இருக்கும்: ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் உயர்வகுப்புக் குறியோடு வரும் பொதிகளை அது தடுக்கும். எவ்வளவு ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை அண்டை வலையமைப்புகள் இரண்டும் எழுதிக்கொள்ளும் தாளுக்கு அந்த ஆவணம் வைத்த பெயர்தான் சேவைத்தர ஒப்பந்தம், எஸ்எல்ஏ.

பணிக்குழுவின் ஆவண மரபில் வினைமுற்றுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகிய துணைவினைகள் எந்தெந்த அளவு கட்டாயத்தைக் குறிக்கும் என்று வரையறுப்பதற்காகவே எழுதப்பட்டது. இலக்கண நூல் போன்ற அந்தச் சில பக்கங்களைப் பின்னர் வந்த நூற்றுக்கணக்கான ஆவணங்கள் மேற்கோளாகச் சுட்டுகின்றன. ‘செய்தாக வேண்டும்’ என்பதற்கும் ‘செய்வது நல்லது’ என்பதற்கும் இடையே இவ்வளவு துல்லியமாகக் கோடு கிழித்த சமூகத்திற்கு, ‘ஒப்பந்தம்’ என்ற சொல் உறுத்தத் தொடங்கியதில் வியப்பில்லை. 2002 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 3260 அந்தச் சொல்லையே மாற்றியது. ஒப்பந்தம் என்றால் விலை, வணிகம், சட்டம் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. பொறியியல் ஆவணம் பேசவேண்டியது அளவுருக்களையும் அவற்றின் மதிப்புகளையும் மட்டுமே. ஆகவே இனி ‘சேவைத்தர விவரக்குறிப்பு’ என்று வழங்குக என அது பரிந்துரைத்தது. சொல்மாற்றம் சிறியதாகத் தோன்றும். ஆனால் வாக்கின் இரண்டு பாதிகளும் இங்கே பிரிந்துவிட்டன. என்ன தரப்படும் என்பது பொறியாளரிடம் தங்கியது. தராவிட்டால் யார் பொறுப்பு என்பது ஆவணத்தை விட்டு வெளியேறியது.

வெளியேறிய அந்தப் பாதியில்தான் முதல் பெருமுயற்சி இடறியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு 1998இல் ‘கியூபோன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உயர்வகுப்புச் சேவை ஒன்றை வளாகத்திலிருந்து வளாகத்திற்கு, இடைப்பட்ட வலையமைப்புகள் அனைத்தையும் தாண்டி, உறுதியாக வழங்குவது அதன் நோக்கம். நான்காண்டுகளுக்குப் பின், 2002 மே மாதத்தில், அத்திட்டத்தில் உழைத்த பென் டைட்டல்பாமும் ஸ்தானிஸ்லாவ் ஷலுனோவும் ஓர் அறிக்கை எழுதினர். உயர்வகுப்பு இணையச் சேவை ஏன் நடைமுறைக்கு வரவில்லை, அநேகமாக இனியும் ஏன் வராது என்பதே அதன் தலைப்பு. தோற்ற திட்டங்கள் வழக்கமாக ‘பாடங்கள்’ என்ற பெயரில் மங்கலான அறிக்கைகளை விட்டுச்செல்லும். தம் நான்காண்டு உழைப்பைத் தாமே பிரேதப் பரிசோதனை செய்த இந்த ஆவணம் வலையமைப்பு வரலாற்றில் அரிதான நேர்மை கொண்டது. இத்துறை மாணவர்கள் வெற்றிக் கட்டுரைகளுக்கு முன்பே இதைப் படிப்பது நல்லது.

அறிக்கை சொல்லும் காரணங்களில் இரண்டு முதன்மையானவை. முதலாவது, இச்சேவையைச் சிறிது சிறிதாக நிறுவ வழியில்லை. வழியிலுள்ள எல்லா வலையமைப்புகளும் எல்லா எல்லைகளிலும் காவல் அமைத்தால்தான் உறுதிக்குப் பொருள் உண்டு. ஒன்று விலகினாலும் மற்றவர்களின் செலவு வீண். முதலில் இறங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லாத ஏற்பாட்டில் முதலில் இறங்குபவர் யார்? இரண்டாவது, ஒப்பிட எதுவுமில்லை. இன்டர்நெட்2இன் அபிலீன் முதுகெலும்பு 1999இல் 2.5 கிகாபிட் வேகத்தில் தொடங்கியது. பெரும்பாலான நேரம் அதில் நெரிசலே இல்லை. முன்பதிவில்லாப் பெட்டி காலியாக ஓடும் தடத்தில் முன்பதிவுச் சீட்டை யார் வாங்குவார்? நெரிசல் வரும்போல் தோன்றினால் கொள்ளளவைக் கூட்டிவிடுவது, காவலும் கணக்கும் வைப்பதைவிட மலிவாக இருந்தது. அபிலீனும் சில ஆண்டுகளில் 10 கிகாபிட்டுக்கு உயர்த்தப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கியூபோனிலிருந்து உயிரோடு மீண்ட ஒரே சேவை எதிர்த்திசையில் இயங்கியது. ‘ஸ்காவெஞ்சர்’ என்று அதற்குப் பெயர். இந்தப் பொதிகளுக்கு அவசரமில்லை, வேறு யாருக்கும் வேண்டாத இடம் மிஞ்சினால் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்புநர் தாமே குறி பொறித்துவிடுவார். இதற்கு எல்லைக் காவல் தேவையில்லை. தாழ்ந்த வகுப்பைத் திருட எவரும் முயல்வதில்லை. பக்கத்து வலையமைப்பு குறியைப் பொருட்படுத்தாவிட்டாலும் கேடில்லை. இரவெல்லாம் கோப்புகளை நகர்த்தும் துகள் இயற்பியலாளர்களுக்கு இது பொருந்தியது. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. உரிமை கோரும் வாக்குறுதி எழ முடியாத இடத்தில் விட்டுக்கொடுக்கும் வாக்குறுதி எளிதாக நின்றது.

ஐரோப்பாவில் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அங்கே ஒவ்வொரு நாட்டிற்கும் தனி ஆய்வு வலையமைப்பு உண்டு: ஜெர்மனியில் டிஎஃப்என், பிரான்சில் ரெனாட்டர், இத்தாலியில் கார், பிரிட்டனில் ஜேனட். இவற்றை இணைக்கும் ஜெயான்ட் வலையமைப்பு 2001 இறுதியில், 10 கிகாபிட் வரையிலான இணைப்புகளோடு, இயங்கத் தொடங்கியது. ‘சீக்வின்’ திட்டம் அதன்மேல் ‘பிரீமியம் ஐபி’ என்ற உயர்வகுப்புச் சேவையை வரையறுத்தது. 2004 ஏப்ரலில் ஈஜிஇஇ என்னும் மாபெரும் கிரிட் திட்டம் தொடங்கியபோது இந்த வரையறைகள் கையில் தயாராக இருந்தன. மின்கட்டமைப்பில் செருகியைச் செருகுவதுபோல் கணிப்புத் திறனைத் தொலைவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கிரிட் என்ற பெயருக்குப் பின்னாலிருந்த உவமை. உவமை முழுமை பெற வேண்டுமானால் மின்னழுத்தம் போல வலையமைப்பின் தரமும் உறுதியாக இருக்க வேண்டும். ஈஜிஇஇ அதற்கெனத் தனிப் பணிப்பிரிவையும் வலையமைப்புச் செயல்பாட்டு மையம் ஒன்றையும் அமைத்தது.

அந்த மையத்தின் முன்னிருந்த கணக்கு இது. போலோன்யாவிலுள்ள ஒரு கணினியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள கணினிக்குச் செல்லும் பொதி குறைந்தது ஐந்து நிர்வாகங்களைக் கடக்கிறது: ஒரு வளாகம், ஒரு நாட்டு வலையமைப்பு, ஜெயான்ட், இன்னொரு நாட்டு வலையமைப்பு, இன்னொரு வளாகம். ஒவ்வொன்றும் 99 விழுக்காடு என்று உறுதி தந்து, பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் நிகழுமானால், முழுப் பாதைக்கும் மிஞ்சுவது ஏறத்தாழ 95 விழுக்காடு. ஆண்டுக்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல் விடுப்பு என்று ஐவரும் தனித்தனியே சொன்னது, பயனாளிக்குப் பதினெட்டு நாளாக வந்து சேர்கிறது. ஐவரில் யாரும் பொய் சொல்லவில்லை. முழுப் பாதைக்கும் கையெழுத்திடத் தகுதியுள்ள ஆறாவது ஆள் இல்லை என்பதே சங்கடம். நாட்டு வலையமைப்புகள் எல்லையிலிருந்து எல்லை வரை பேச அணியமாக இருந்தன. கடைசிச் சில நூறு மீட்டர், பல்கலைக்கழகத் துறையின் பழைய சுவிட்ச், எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறவில்லை.

செயல்பாட்டு மையத்தின் அன்றாட வேலையில் முன்னுக்கு வந்ததோ வேறொன்று: பழுதுச் சீட்டுகள். ஓர் இழை அறுந்தால் அந்தந்த நாட்டு வலையமைப்பு ஓர் அறிவிப்பு எழுதும். எங்கே, எப்போது, எது பாதிப்பு, எப்போது சரியாகும் என்பவற்றை ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி, தன் மொழி மரபின்படி எழுதியது. ஒன்றின் ‘நிறைவு’ மற்றொன்றின் ‘தற்காலிகத் தீர்வு’ ஆக இருக்கக்கூடும். இந்தச் சீட்டுகளை ஒரே வாய்பாட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி 2011 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6137 ஆக முடிந்தது. பங்கேற்பாளர்கள் தத்தம் உள்ளூர்த் தொழில்நுட்பச் சூழலுக்கும் மொழிச் சூழலுக்கும் ஏற்ப வெவ்வேறு முறைகளைப் பின்பற்றுகின்றனர் என்பதை அது தன் சுருக்கவுரையிலேயே காரணமாகச் சொல்கிறது. மில்லிநொடிகளை உறுதிசெய்யும் கனவோடு தொடங்கிய ஒரு தொடரின் இறுதியில், ‘பழுது’ என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பொருள் இருக்கட்டும் என்னும் ஆவணம் பிறந்தது. இதைச் சிறுமையாக எண்ண வேண்டியதில்லை. எதை முறிவு என்பது என்று உடன்படாதவர்கள் முறியாமை பற்றி உடன்பட வழியில்லை.

செர்ன் இதற்குள் வேறு வழியில் போய்விட்டது. எல்எச்சி ஆண்டுக்கு 15 பெட்டாபைட் அளவில் தரவு தரும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அதைப் பொது வழியில் உயர்வகுப்புச் சீட்டோடு அனுப்பாமல், பதினொரு முதல் அடுக்கு மையங்களுக்கும் தனித் தடங்கள் போடப்பட்டன. எல்எச்சிஓபிஎன் என்ற இந்த வலையமைப்பின் அடிப்படை அலகு 10 கிகாபிட் ஒளியிழைத் தடம். தடம் தனியாக இருந்தால் நெரிசலில் யார் முந்துவது என்ற கேள்வி எழாது. எழும் கேள்வி தடம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே. அதற்கு மாற்றுத் தடங்களும், 12 மணி நேரத்திற்குள் எழுந்து வரும் மனிதரும் போதும். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அட்டவணைக்கு இப்போது பின்புலம் கிடைத்துவிடுகிறது. பொதிகளைப் பற்றிய உறுதி அதில் ஒன்றுமில்லை. கூப்பிட்டால் ஆள் வருவார் என்ற உறுதியே இருக்கிறது. சட்டம் பிணைக்காவிட்டாலும், எண்கள் கூட்டங்களில் வெளிப்படையாகக் காட்டப்படும். சக ஆய்வுக்கூடங்களின் முன் தன் மையத்தின் பட்டை சிவந்து கிடப்பதை எந்த இயக்குநரும் விரும்புவதில்லை.

இந்த ஏற்பாட்டை முழு வெற்றி என்று கொண்டாடும் எழுத்துகள் ஓர் ஓட்டையைப் பார்ப்பதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஈஎஸ்நெட் வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் 2013இல் ஒரு நிகழ்வை எழுதினர். 10 கிகாபிட் திசைவி அட்டை ஒன்று 22,000 பொதிகளுக்கு ஒன்றைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது; விழுக்காட்டில் 0.0046. எந்தச் சேவைத்தர ஒப்பந்தத்திலும் இது மீறலாகாது. பல கண்காணிப்பு முறைகளில் தென்படவும் செய்யாது. ஆனால் டிசிபி நெறிமுறை ஒவ்வோர் இழப்பையும் நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும். தொலைவு கூடக்கூட மீண்டெழ நேரம் பிடிக்கும். மேத்திஸ் முதலியோர் 1997இல் தந்த வாய்பாட்டில் இந்த எண்ணை இட்டுப் பார்க்கலாம். சென்று திரும்ப 10 மில்லிநொடி ஆகும் அண்டை நகரத்துக்கு ஒற்றைத் தொடர்பின் வேகம் இருநூறு மெகாபிட்டை ஒட்டி நிற்கும். சென்று திரும்ப 150 மில்லிநொடி ஆகும் தொலைவிலுள்ள மையத்துக்கோ பத்துப் பதினைந்து மெகாபிட்தான். இணைப்பு 10 கிகாபிட், பழுது ஒன்றே, அருகிலிருப்பவர் உணரவே மாட்டார். தொலைவிலிருப்பவரின் ஒரு நாள் வேலை இரண்டு வாரமாகிறது.

ஐந்து நிர்வாகங்களும் தத்தம் வாக்கைக் காப்பாற்றிவிட்டன. தரவு மட்டும் வந்து சேரவில்லை. புகார் எழுதும் ஆய்வு மாணவரிடம் ஐந்து இடங்களிலிருந்தும் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற விடை வருகிறது. ஐந்தும் ஒப்பந்தப்படி உண்மை. இணையான பல தொடர்புகளில் கோப்பைப் பிரித்து அனுப்பும் உத்தியால் கிரிட் மென்பொருள்கள் இந்த வலியைத் தணித்தன. ஆயினும் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, உறுதிமொழியைக் காட்டிலும் அளவீடே உதவியது. ஜெயான்ட், இன்டர்நெட்2, ஈஎஸ்நெட், பிரேசிலின் ஆர்என்பி ஆகியவை சேர்ந்து வளர்த்த ‘பெர்ஃப்சோனார்’ கருவித்தொகுப்பு 2010களில் கிரிட் மையங்களில் நிறுவப்பட்டது. அது ஓயாமல் சிறு பொதிகளை அனுப்பி இழப்பையும் தாமதத்தையும் பதிவுசெய்து, முடிவுகளை எல்லோரும் காணவைக்கிறது. ‘எங்கள் பக்கம் சரி’ என்ற விடைக்கு எதிராக நீட்ட ஒரு வரைபடம் கிடைத்தது.

தொலைவின் இந்தக் கணக்கு இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சிஎம்எஸ் சோதனைக்கும், கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் சோதனைக்கும் இரண்டாம் அடுக்கு மையங்களை நடத்துகின்றன. 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கடலடி வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் மேற்குநோக்கிய இணைப்பில் பெரும் பகுதி குன்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்றுதான் எல்எச்சியில் முதன்முதலாகத் துகள்கற்றை சுற்றியது. பின்னர் தேசிய அறிவு வலையமைப்பு வந்தது. அதன் வழியே இவ்விரு மையங்களும் எல்எச்சிஓன் என்ற பரந்த ஆய்வு வலையமைப்பில் சேர்ந்தன.

அதே புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இரண்டாம் அடுக்கு மையங்களுக்கான அட்டவணை இன்னும் சுருக்கமானது. அதில் இரண்டே வரிகள்: பயனாளிகளின் அலசல் வசதி, பிற சேவைகள். வலையமைப்புக்கெனத் தனி வரி இல்லை. ஆண்டுச் சராசரிக் கிடைப்பு 95 விழுக்காடு. அலசல் வசதியில் பழுது என்றால் முதன்மை வேலைநேரத்தில் 2 மணிக்குள் ஆள் வர வேண்டும். பிற நேரங்களில் 72 மணிக்குள். முதன்மை வேலைநேரம் எது என்பதையும் அடிக்குறிப்பு வரையறுக்கிறது: அந்தந்த மையம் இருக்கும் ஊரின் நேரப்படி, அம்மையத்தின் வேலைநாள்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, பொது விடுமுறைகள் நீங்கலாக. கொல்கத்தாவில் துர்கா பூஜை விடுமுறைக்கும் அந்த ஒப்பந்தத்தில் இடமுண்டு.